பத்தாண்டு ஒப்பந்தத்தின் எடை: ராபின்சன் கனோவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

2013 டிசம்பர் முதல் வாரத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் ராபின்சன் கனோ, சியாட்டில் மரினர்ஸ் அணியுடன் பத்தாண்டுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு இசைந்தார். அவரை வளர்த்தெடுத்த யாங்கீஸ் தர முன்வந்ததோ ஏழாண்டுக்கு 17.5 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 31. ஒப்பந்தத்தின் கடைசி சீசனை அவர் 40 வயதில் ஆட வேண்டும்.

இன்று திரும்பிப் பார்ப்பவர்கள் இந்த ஒப்பந்தத்துக்கு எளிதாகத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். கனோ இருமுறை ஊக்கமருந்து விதிமீறலில் சிக்கினார். ஐந்தே ஆண்டுகளில் மரினர்ஸ் அவரை வேறு அணிக்கு அனுப்பியது. ஒப்பந்தம் முடியும் முன்பே அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. ஆகவே சியாட்டில் ஏமாந்தது, நியூயார்க் தப்பித்தது என்பது பரவலான கருத்து. இக்கட்டுரை அந்தக் கருத்தைச் சோதிக்கிறது. சந்தைக்கு வரும் ஒரு நல்ல இன்ஃபீல்டரை ஓர் அணி எடுக்கலாமா வேண்டாமா என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? எடுக்காமல் விட்ட அணியின் கணக்கையும் அதே தராசில் வைத்தால் என்ன தெரிகிறது?

2. சந்தை உருவான கதை

நூறாண்டுக்கு மேலாக விளங்கிவரும் மேஜர் லீக் பேஸ்பாலில், 1970களின் நடுப்பகுதி வரை ஆட்டக்காரருக்குத் தன் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவரை அணியோடு கட்டிவைக்கும் ‘ரிசர்வ்’ விதி நடைமுறையில் இருந்தது. 1969இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்த கர்ட் ஃப்ளட் நீதிமன்றம் சென்றார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி ஆகிய இரு பந்துவீச்சாளர்களின் வழக்கில் ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றார். மார்வின் மில்லர் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கம் அடுத்த ஆண்டே பேச்சுவார்த்தையில் ஒரு விதியைப் பெற்றது. அதன்படி ஆறாண்டு மேஜர் லீக் சேவை முடித்தவர் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆகலாம். விரும்பும் அணியோடு பேரம் பேசலாம்.

நாம் எடுத்துக்கொண்ட கேள்வியின் வேர் இந்த ஆறாண்டு விதியில்தான் இருக்கிறது. முதல் மூன்றாண்டுகள் ஆட்டக்காரர் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே பெறுகிறார். 2014இல் அது 5 லட்சம் டாலர். அடுத்த மூன்றாண்டுகளில் நடுவர் முறையால் சம்பளம் ஓரளவு உயர்கிறது. 22, 23 வயதில் களமிறங்கும் ஒருவர் முழு விலைக்குச் சந்தைக்கு வரும்போது முப்பதை நெருங்கியிருப்பார் அல்லது கடந்திருப்பார். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் உச்சம் பொதுவாக 26க்கும் 29க்கும் இடையில் என்று புள்ளிவிவர ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஆக, உச்சம் முடியும் இடத்தில்தான் சந்தை தொடங்குகிறது. ஆட்டக்காரர் தரப்பில் இது நியாயமே: தன் சிறந்த ஆண்டுகளைக் குறைந்த கூலிக்கு ஆடிக் கொடுத்தவர் பின்னால் அதை ஈடுகட்டக் கேட்கிறார். அணி தரப்பில் கேள்வி வேறு. பழைய உழைப்பின் பலனை ஓர் அணி அனுபவித்திருக்கும். விலையைப் புதிய அணி கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. ஐபிஎல் ஏலத்தில் ஓர் அணி செலவழிக்க உச்சவரம்பு இருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படித் தடை இல்லை. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2014க்கு அந்தத் தொகை 18.9 கோடி டாலர். தொடர்ந்து வரி கட்டிவந்த யாங்கீஸுக்கு வரி விகிதம் 50 சதவீதம். அந்த ஆண்டு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அந்த நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்லிவந்த இலக்கு. கனோவுடனான பேச்சுவார்த்தை இந்த நிழலில்தான் நடந்தது.

3. இரண்டாம் பேஸ் என்னும் இடம்

ஒப்பந்தத்தை எடைபோடும் முன் ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். முதல் பேஸில் ஒரு ரன்னர் இருக்கையில் பந்து ஷார்ட்ஸ்டாப்பை நோக்கித் தரையில் உருள்கிறது என்று கொள்வோம். இரண்டாம் பேஸ்காரர் ஓடிவந்து பேஸை மிதித்தபடி பந்தை வாங்க வேண்டும். உடனே உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அதே நொடியில் ரன்னர் அவர் காலை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வருவார். ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். முழங்காலும் கணுக்காலும் தேய்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. 2015 பிளேஆஃபில் ரூபன் டெஹாடாவின் கால் இத்தகைய சறுக்கலில் முறிந்த பிறகு, 2016இல் சறுக்கும் விதியையே திருத்தினார்கள்.

இந்த இடத்தில் ஆடியவர்களின் வரலாறு எச்சரிக்கை தருகிறது. ராபர்ட்டோ அலோமர் 2001இல் கிளீவ்லாந்துக்காக .336 சராசரியில் பேட் செய்தார். மறு ஆண்டு நியூயார்க் மெட்ஸில் 34 வயதில் அது.266 ஆகச் சரிந்தது. பாஸ்டனின் டஸ்டின் பெட்ராயா 2013இல்தான் எட்டாண்டு, 11 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு பெற்றார். 2017 ஏப்ரலில் ஒரு சறுக்கலில் அவருடைய இடது முழங்கால் அடிபட்டது. 2018, 2019 இரண்டும் சேர்த்து அவர் ஆடியவை 9 ஆட்டங்கள். மறுபக்கத்தில் ஜெஃப் கென்ட் 32 வயதில், 2000இல், நேஷனல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்று 40 வயது வரை ஆடினார். விதிவிலக்கு உண்டு, அதை நம்பிப் பத்தாண்டுக்குக் கையெழுத்திடலாமா என்பதுதான் கேள்வி.

கனோ விதிவிலக்காகக்கூடும் என்று நினைக்க நல்ல காரணம் இருந்தது. 2007 முதல் 2013 வரை ஏழு சீசன்களிலும் அவர் 159 ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடினார். அவருடைய களத்தடுப்பில் பதற்றமே இருக்காது. இரட்டை அவுட்டுக்கான அந்தத் திருப்பத்தில், கால்களைச் சரிசெய்துகொள்ள நேரமில்லாதபோதும் மணிக்கட்டின் சுழற்றலில் பந்தை முதல் பேஸுக்குச் சேர்த்துவிடுவார். யாங்கீஸ் பட்டம் வென்ற 2009 உலகத் தொடரின் கடைசி அவுட்டும் அவர் கைக்கு வந்து, அவர் எறிந்த பந்துதான். முதல் பேஸுக்கு முழு வேகத்தில் ஓடுவதில்லை என்ற விமர்சனம் அவர்மீது இருந்தது. எனினும் ஆண்டுக்கு 160 ஆட்டம் ஆடுபவரின் உடல் சிக்கனத்தைச் சோம்பல் என்று மட்டும் படிப்பது சரியல்ல.

4. நிலவும் இரண்டு பார்வைகள்

இத்தகைய ஒப்பந்தங்களை மதிப்பிடுவதில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது, நட்சத்திரப் பார்வை: பெரிய ஆட்டக்காரர் வந்தால் ரசிகர்கள் வருவார்கள், மற்ற ஆட்டக்காரர்கள் வருவார்கள், அணியின் போக்கே மாறும். இரண்டாவது, கணக்குப் பார்வை. மலிவாகக் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட இவர் ஓர் ஆண்டில் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறார் என்பதை ‘வார்’ என்ற அளவுகோல் மதிப்பிடுகிறது. ஒரு வெற்றிக்குச் சந்தையில் என்ன விலை என்று பார்த்து ஒப்பந்தத்தை நிறுக்கிறார்கள். 2013–14இல் அந்த விலை ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் டாலர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இரண்டாவது தராசில் கனோவை நிறுத்திப் பார்ப்போம். 2013இல் அவர் .314 சராசரி, 27 ஹோம் ரன், 107 ஆர்பிஐ எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டின் மதிப்பும் ஆறு வெற்றிகளுக்கு மேல். எச்சரிக்கையாக, புதிய ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் 6 வெற்றிகள் என்றும் அதன்பின் ஆண்டுக்கு அரை வெற்றி குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இது இக்கட்டுரையின் அனுமானம். பத்தாண்டில் மொத்தம் 37.5 வெற்றிகள், ஒன்றின் விலை 64 லட்சம் டாலர். அதாவது சந்தை விலைதான். யாங்கீஸின் ஏழாண்டுச் சலுகையில் 31.5 வெற்றிகள்; ஒன்றின் விலை சுமார் 56 லட்சம்.

இரண்டு தொகைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. கடைசி மூன்று ஆண்டுகளுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது 6.5 கோடி டாலர். அதற்குக் கிடைப்பவை 6 வெற்றிகள். ஒரு வெற்றிக்கு 1.08 கோடிக்கு மேல். பத்தாண்டு முழுவதையும் பார்த்தால் நியாயமாகத் தெரிவது, கூடுதல் மூன்றாண்டை மட்டும் பிரித்துப் பார்த்தால் மிகை விலையாகிறது. யாங்கீஸ் ஏழாண்டில் நின்றதற்கு ஒரு தர்க்கம் உண்டு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்த அணியிடம் நேரடி அனுபவமும் இருந்தது: 2007 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸுடன் செய்த பத்தாண்டு, 27.5 கோடி டாலர் ஒப்பந்தம் அப்போது அவர்களின் பெரும் சுமையாகியிருந்தது.

எனினும் கணக்குப் பார்வைக்கும் ஒரு குறை உண்டு. எல்லா வெற்றிகளும் ஒரே மதிப்புடையவை அல்ல. 2012இல் இரண்டாவது வைல்ட் கார்டு (பிரிவில் முதலிடம் பெறாத அணிக்கான பிளேஆஃப் இடம்) வந்தபின், 90 வெற்றிகளை ஒட்டிய அணிக்குப் பிளேஆஃப் கதவு திறந்தது. 84ஐ 90 ஆக்கும் ஆறு வெற்றிகள் சீசனையே மாற்றும். 65ஐ 71 ஆக்கும் ஆறு வெற்றிகளால் எதுவும் மாறாது. 2013இல் யாங்கீஸின் வெற்றிகள் 85. மரினர்ஸின் வெற்றிகள் 71. இதன்படி கனோவின் ஆறு வெற்றிகள் நியூயார்க்குக்கே அதிகம் தேவைப்பட்டன. தேவை குறைந்த அணிதான் அதிக விலை கொடுத்தது.

5. சியாட்டிலின் கணக்கு

மரினர்ஸ் ஏன் கொடுத்தது? 2001க்குப் பின் அதுவரை அந்த அணி பிளேஆஃபைப் பார்த்திருக்கவில்லை. 2009 டிராஃப்டில் இரண்டாம் தேர்வாக எடுத்த டஸ்டின் ஆக்லி எதிர்பார்த்தபடி வளரவில்லை. நட்சத்திரங்கள் அங்கே வரத் தயங்கினார்கள். வரவழைக்கக் கூடுதல் விலை தேவைப்பட்டது. அந்தக் கூடுதல் விலையின் பெயர்தான் அந்தக் கடைசி மூன்றாண்டுகள். 2013இலேயே பந்துவீச்சாளர் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு ஏழாண்டு, 17.5 கோடி டாலர் கொடுத்திருந்தார்கள். அவருடைய சிறந்த ஆண்டுகள் வீணாகிவிடக்கூடாது என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது.

முதல் ஆண்டில் கனோ தன் பங்கைச் செய்தார். 2014இல் சராசரி .314, ஹோம் ரன் 14ஆகக் குறைந்தது. அணி 87 வெற்றிகளுக்கு உயர்ந்தது. ரசிகர் வருகை சுமார் 17.6 லட்சத்திலிருந்து 20.6 லட்சமானது. ஆனால் ஓக்லாந்து 88 வெற்றிகளோடு வைல்ட் கார்டைப் பெற, சீசனின் கடைசி நாளில் மரினர்ஸ் வெளியேறியது.

அந்த ஒரு வெற்றி எங்கே தொலைந்தது என்று தேடினால் கனோவிடம் விடை இல்லை. களத்தடுப்பில் இறங்காமல் பேட் மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டர் இடத்துக்கு எடுத்த கோரி ஹார்ட் .203 அடித்தார், நடுவில் வாங்கிய கென்ட்ரிஸ் மொராலெஸ்.207. கேட்சர் மைக் சுனினோ 22 ஹோம் ரன் அடித்தும் சராசரி .199. கனோ வந்ததால் இடமிழந்த இளம் இன்ஃபீல்டர் நிக் ஃபிராங்க்ளினைக் கொடுத்து ஜூலையில் வாங்கிய ஆஸ்டின் ஜாக்சன் .229. மிக விலையுயர்ந்த இடம் சரியாகவே நிரம்பியிருந்தது. மலிவாக நிரப்பியிருக்கக்கூடிய இடங்கள் ஒழுகின. ஒரு வெற்றிகூட மதிப்புமிக்கதாக இருந்த ஆண்டில் நிர்வாகத்தின் கவனம் தவறியது அங்கேதான்.

அடுத்த ஆண்டுகளிலும் இதுவே கதை. 2016இல் கனோ 39 ஹோம் ரன், 103 ஆர்பிஐ எடுத்தார். அணி 86 வெற்றிகளோடு நின்றது. 2018 மே மாதம் பந்து பட்டு அவருடைய கை எலும்பு முறிந்தது. இரண்டு நாள் கழித்து, தடைசெய்யப்பட்ட ஃபியூரோசமைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்துக்காக 80 ஆட்டத் தடை அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு அணி 89 வெற்றிகளை எட்டியும் உள்ளே போகவில்லை. டிசம்பரில் அவரை மெட்ஸுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பிய விதம் கூர்ந்து பார்க்கத்தக்கது. மீதமிருந்த 12 கோடி டாலரை மெட்ஸ் ஏற்க, மரினர்ஸ் 2 கோடி டாலர் ரொக்கம் தந்தது. மெட்ஸின் விலையுயர்ந்த இருவரைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதற்கும் மேல், அந்த ஆண்டு 57 ‘சேவ்’ எடுத்த இளம் பந்துவீச்சாளர் எட்வின் டியாஸையும் சேர்த்துக் கொடுத்தது. பதிலுக்கு ஜாரெட் கெலனிக் போன்ற இளைஞர்கள் வந்தார்கள். கடைசி ஆண்டுகளின் விலை சம்பளப் பட்டியலில் மட்டும் இருப்பதில்லை. அவற்றிலிருந்து விடுபட, கையிலிருக்கும் வேறொரு நல்ல ஆட்டக்காரரையும் தர வேண்டியிருக்கும்.

ஆனாலும் ஐந்தாண்டுக்கு 12 கோடி டாலர், தடைக்காலத்தில் கழிந்த சம்பளம் நீக்கி, மெட்ஸுக்குக் கொடுத்த 2 கோடி சேர்த்தால் கனோவுக்காகச் சியாட்டில் நேரடியாகச் செலவிட்டது சுமார் 12.8 கோடி டாலர். அதற்குக் கிடைத்தவை ‘வார்’ கணக்கில் 20க்கு மேற்பட்ட வெற்றிகள். 2013இன் சந்தை விலையில் இது நட்டம் அல்ல. 2020 நவம்பரில் ஸ்டானசொலால் என்ற ஸ்டீராய்டுக்காக 2021 சீசன் முழுவதும் தடை வந்தபோது அவர் மெட்ஸ் வசம் இருந்தார். 2022 மே மாதம் அவரைக் கைவிட்டதும் அந்த அணிதான்.

6. நியூயார்க்கின் கணக்கு

விட்டுவிட்டதை வெறும் சேமிப்பாகப் பார்ப்பது இந்த விவாதத்தின் பெரிய குறை. கனோ இசைவதற்குச் சில நாள் முன்பே யாங்கீஸ், பாஸ்டனின் சென்டர் ஃபீல்டர் ஜேகோபி எல்ஸ்பரியோடு ஏழாண்டு, 15.3 கோடி டாலருக்கு உடன்பட்டிருந்தது. கேட்சர் பிரையன் மெக்கனுக்கு ஐந்தாண்டு, 8.5 கோடி. கார்லோஸ் பெல்ட்ரானுக்கு மூன்றாண்டு, 4.5 கோடி. ஜனவரியில் ஜப்பானியப் பந்துவீச்சாளர் மசாஹிரோ தனாகாவுக்கு ஏழாண்டு, 15.5 கோடி. 18.9 கோடிக் கோட்டுக்குக் கீழே இறங்கும் இலக்கு கைவிடப்பட்டது. கோட்டைக் காக்கவே கனோவை விட்டார்கள் என்ற விளக்கம் இந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது.

எல்ஸ்பரி ஒப்பந்தத்தைக் கனோவின் ஒப்பந்தத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு வயது 30. வேகத்தை நம்பி ஆடுபவர். காயங்களால் நீண்ட காலம் களத்துக்கு வெளியே இருந்த வரலாறு உடையவர். சென்டர் ஃபீல்டில் ஆடக்கூடிய பிரெட் கார்ட்னர் ஏற்கெனவே அணியில் இருந்தார். ஏழாண்டில் எல்ஸ்பரி யாங்கீஸுக்காக ஆடியவை 520 ஆட்டங்கள், 39 ஹோம் ரன். 2017க்குப் பின் அவர் களமிறங்கவே இல்லை; 2019இல் விடுவிக்கப்பட்டார். கனோ 2016 என்ற ஓர் ஆண்டில் மட்டும் அடித்தவையும் 39 ஹோம் ரன்.

காலியான இரண்டாம் பேஸில் 2014இல் பிரையன் ராபர்ட்ஸை ஓராண்டு, 20 லட்சம் டாலருக்கு வைத்தார்கள்; .237 அடித்த அவரை ஆகஸ்டில் விடுவித்தார்கள். பின் வந்த ஸ்டீஃபன் ட்ரூ அந்த ஆண்டு யாங்கீஸில் .150, மறு ஆண்டு .201. அணி 84 வெற்றிகளோடு வெளியேறியது. அந்த இடத்துக்கு நிலையான தீர்வு 2018இல் தான் வந்தது. 2016 ஜூலையில் அரோல்டிஸ் சாப்மனைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து வாங்கிய கிளேபர் டோரஸ், 21 வயதில், குறைந்த சம்பளத்தில் அங்கே வந்து நின்றார். பத்தாண்டு ஒப்பந்தத்துக்கு மாற்று இருந்தது என்பதை இது காட்டுகிறது. அந்த மாற்று கைக்கு வர நான்கு சீசன்கள் ஆயின என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

7. இரு ஒப்பு நிகழ்வுகள்

ஓர் இன்ஃபீல்டரால் அணியின் விதி மாறுமா என்பதற்குச் சியாட்டிலின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 2000 டிசம்பரில் அதன் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் ரோட்ரிகஸ் பத்தாண்டு, 25.2 கோடி டாலருக்கு டெக்சஸ் சென்றார். மறு ஆண்டு, அவரில்லாத மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்றது. அவரிருந்த டெக்சஸ் மூன்றாண்டும் தன் பிரிவில் கடைசி இடத்தில் முடித்தது. 2003இல் கடைசி இட அணியில் ஆடியபடியே அவர் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். நட்சத்திரப் பார்வைக்கு இதைவிட வலுவான மறுப்பு இல்லை. அவர் 25 வயதில் எடுக்கப்பட்டவர், ஆட்டத்திலும் குறையில்லை. குறை முழுவதும் அவரைச் சுற்றி இருந்தது.

இரண்டாவது சான்று டி.ஜே. லெமேஹியு. 2019 ஜனவரியில், 30 வயதில், யாங்கீஸ் அவரை இரண்டாண்டு, 2.4 கோடி டாலருக்கு எடுத்தது. நிலையான இடம்கூடத் தரவில்லை. முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் மாறி மாறி ஆடினார். அந்த ஆண்டு .327, 26 ஹோம் ரன். 60 ஆட்டமாகச் சுருங்கிய 2020 சீசனில்.364 சராசரியோடு லீக்கின் பேட்டிங் பட்டம். அதைப் பார்த்து 2021இல் ஆறாண்டு, 9 கோடி டாலர் கொடுத்தார்கள். முதல் ஆண்டே சராசரி .268க்கு இறங்கியது, ஒப்பந்தம் முடியும் முன், 2025 ஜூலையில் விடுவிக்கப்பட்டார். ஒரே ஆட்டக்காரர், ஒரே அணி. முதல் ஒப்பந்தம் இனி வரப்போவதற்கு விலை கொடுத்தது. இரண்டாவது, நடந்து முடிந்ததற்கு.

8. முடிவு

இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஃப்ரீ ஏஜென்ட் இன்ஃபீல்டரை எடுப்பது குறித்து மூன்று கேள்விகள் முதன்மை பெறுகின்றன. மொத்தத் தொகையை விட்டுவிட்டு, கடைசியாகச் சேர்க்கும் ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியாக என்ன தருகிறது? அவர் கொண்டுவரும் வெற்றிகள் அணியைப் பிளேஆஃப் வாசலுக்குக் கொண்டுசெல்லுமா, செல்லுமென்றால் மற்ற இடங்களின் ஒழுகலை அடைக்கத் திட்டம் உண்டா? எடுக்காவிட்டால் அந்தப் பணமும் அந்த இடமும் என்னவாகும்?

முதல் கேள்விக்கு யாங்கீஸ் சரியான விடை கண்டது, மூன்றாவதில் தவறியது. வயதாகும் ஆட்டக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் ஆபத்து என்று சொல்லிக் கனோவை மறுத்த அணி, அதே வாரத்தில் அதே ஆபத்தை இன்னும் பலவீனமான உடலுக்காக ஏற்றது. மரினர்ஸ் முதல் கேள்வியில் அறிந்தே விட்டுக்கொடுத்தது, தோற்றது இரண்டாவதில். அவர்கள் பிளேஆஃபுக்குத் திரும்பிய 2022 அணியை எழுப்பியவர்கள் ஹூலியோ ரோட்ரிகஸ், கால் ராலே போன்று அணி தானே வளர்த்த இளைஞர்கள்.

ஆகவே கனோவை எடுத்தது சியாட்டிலின் பிழை அல்ல என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஊக்கமருந்துத் தடையை எந்த நிர்வாகமும் 2013இல் கணக்கில் சேர்த்திருக்க முடியாது. அதை வைத்து அன்றைய முடிவைத் தீர்ப்பிடுவது முறையல்ல. பிழை, கையெழுத்தோடு வேலை முடிந்தது என்று இருந்ததில். அதுபோல் வேண்டாம் என்ற முடிவுக்கும் விலைச்சீட்டு உண்டு: 2014இன் நியூயார்க்கில் அது எல்ஸ்பரியின் 15.3 கோடி டாலரும் .150 அடித்த ஓர் இரண்டாம் பேஸும். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கையெழுத்திட்ட அணியின் பேரேட்டை மட்டும் புரட்டுகிறார்கள். விலகிய அணியின் பேரேட்டையும் அதே கண்டிப்போடு புரட்டும் வரை நம் தீர்ப்புகள் பாதிக் கணக்கில் எழுதப்பட்டவையாகவே இருக்கும்.